சொல்லின் செல்வர்கள்

நன்னூலின் பாயிரத்தில் 'மதம்' என்றொரு சொல் வருகிறது. இன்று அச்சொல்லைக் கேட்டதும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும்தான் நினைவுக்கு வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சமண முனிவர் பவணந்திக்கோ அது நூலாசிரியன் ஒருவன் மேற்கொள்ளும் கருத்து நிலை. அத்தகைய மதங்கள் ஏழு என்று அவர் வகுக்கிறார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டுதல், எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை.

ஆண்டுதோறும் இந்த ஏழையும் நாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இது உறுதியான வினா. அணியிலக்கணத்தின் கதையும் இதுவே. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று பெயரும் இலக்கணமும் எடுத்துக்காட்டும் சொல்லித் தண்டியலங்காரத்தை முடித்துவிடலாம். இவையெல்லாம் ஒருவர் மனத்தை மற்றொருவர் அசைப்பதற்கான கருவிகள் என்பதும், சமயமும் சமூகமும் பற்றிய தமிழர்களின் எண்ணங்கள் பெரும்பாலும் இக்கருவிகளாலேயே மாற்றப்பட்டன என்பதும் பாடத்திட்டத்தில் வருவதில்லை. நமக்கு அது வீட்டில் கிடைத்த பாடம்.

ஜெயமங்கலம் பெரியகுளம் வட்டத்தில், வராக நதிப் பாசனத்தில் இருக்கும் ஊர். நெல், வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் அப்பா குத்தகைக்குக் கொடிக்கால் பார்த்தவர். அகத்தி நிழலில் ஒலிநாடாப் பெட்டியைத் தொங்கவிட்டு, அண்ணாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வெற்றிலை கிள்ளுவார். கேட்ட பேச்சையே மீண்டும் மீண்டும் கேட்பார். அடுத்து வரப்போகும் அடுக்குமொழியை ஒலிநாடாவுக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். அவருடைய தாயாருக்கு, எங்கள் அப்பத்தாவுக்கு, எழுத்து தெரியாது. புரட்டாசி மாதத்தில் பஜனை மடத்தில் இராமாயணம் வாசித்துப் பொருள் சொல்லும்போது தூணோரம் உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டுத்தான் வருவார். மகன் அந்தப் பக்கமே போகமாட்டார். ஆனால் கட்சிக் கூட்டம் நடந்தால் அப்பத்தா அதற்கும் போவார். சித்திரைத் திருவிழா மேடையில் வள்ளி திருமணம் என்றாலும் பட்டிமன்றம் என்றாலும் முதல் வரிசைத் தரையில் அவரைக் காணலாம்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசுறாக. பேசிட்டு எறங்குனதும் யாரு வீட்டுல கை நனைக்கிறாகன்னு பாரு" என்பார்.

முதுகலையில் கம்பராமாயணம் தனித்தாளாக வந்தபோது, அந்த நூலை வீட்டுக்குள் கொண்டுவருவதே நமக்குத் தயக்கமாக இருந்தது. அப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"படி தாயி. படிச்சுட்டு, அந்த ஆளு எந்த எடத்துல நம்மள ஏமாத்துறாருன்னு வந்து சொல்லு."

இலக்கியத் திறனாய்வுக்கு இதைவிட நல்ல வினாவை எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை.

விடை தேடி முதலில் சென்றது வாலிவதைப் படலத்துக்கு. மறைந்து நின்று அம்பு எய்தவனைப் பார்த்து, வீழ்ந்து கிடப்பவன் கேள்வி கேட்கிறான். கம்பர் அவனை நிறையவே கேட்கவிடுகிறார். பகுத்தறிவு மேடையில் பின்னாளில் எழுந்த கேள்விகள் பலவற்றை வாலி அங்கேயே கேட்டுவிடுகிறான். இராமன் விடை சொல்கிறான். மறைந்திருந்து எய்தது ஏன் என்ற கேள்விக்கு இலக்குவன் இடைபுகுந்து விடை சொல்கிறான். நாம் வீட்டுக்குப் போய், "அவர் ஏமாற்றவில்லை அப்பா, எதிராளியையே பேச விடுகிறார்" என்றோம்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "பேச விட்டுட்டு, கடைசியில வாலியவே கும்பிட வச்சுட்டாருல்ல? அதான் தாயி ஏமாத்து."

கற்றோர் இதற்குப் பல விடைகள் சொல்லக்கூடும். பக்திக் காப்பியத்தின் நோக்கம் அது, வாலியின் மனமாற்றம் பாத்திரப் படைப்பின் உச்சம் என்றெல்லாம் எழுதலாம். தேர்வில் நாமும் அப்படித்தான் எழுதினோம். ஆனால் எண்ணங்களை மாற்றும் கலை என்ற அளவில் பார்த்தால் அப்பா தொட்டது சரியான இடம். பவணந்தி சொன்ன மூன்றாவது மதம், அதாவது ஏற்றுக்கொண்டு களைதல், ஏழிலும் வலிமையானது. கேட்பவன் மனத்தில் இருக்கும் ஐயத்தை அவனுக்கு முன்பே சொல்லிவிட்டால், விடையையும் அவன் நம்பிவிடுவான். ஐயத்தை எழுப்பியவனே வணங்கிவிட்டால் பிறகு ஐயப்பட யார் இருக்கிறார்கள்? வாலியின் வாயும் கம்பருடைய வாய்தான்.

இம்முறை கம்பருக்கு மட்டும் உரியதன்று. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என அவ்வரிசை நீள்கிறது. அனைவரையும் பேசவைத்தவர் பௌத்தப் புலவர் ஒருவரே. வெல்லப்போவது எந்தச் சமயம் என்பது தொடக்கத்திலேயே முடிவானது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்கவே சமணர்களின் நீலகேசி எழுந்தது. குண்டலகேசி இன்று முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்களே. அதன் வாதங்கள் எப்படி இருந்தன என்று அறிய எதிரியின் நூலையே நாடவேண்டியிருக்கிறது. எதிரி அதனை நேர்மையாகத்தான் எடுத்துச் சொன்னாரா என்று சரிபார்க்க வழியில்லை.

அதே மணிமேகலையில் வேறொரு குறிப்பும் உண்டு. புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறவேண்டும் என்றும், பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லவேண்டும் என்றும் ஊருக்குச் சொல்கிறான். அங்கே ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் வாயால் பேசியிருப்பார்கள். நூலுக்குள் நடக்கும் வாதத்துக்கும் மண்டபத்தில் நடக்கும் வாதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மண்டபம் பழையது என்றாலும் இன்று நாம் அறிந்த மேடைப்பேச்சின் வயது இருநூறு ஆண்டுகளைத் தொடாது. மதுரையில் தங்கிக் கள ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் தமிழ் மேடைப்பேச்சு பற்றிய நூலை 2009இல் வெளியிட்டார். அதன்பின் புராட்டஸ்டண்ட் பிரசங்கத்திலிருந்து நவீனத் தமிழ்ப் பேச்சு முளைத்த வரலாற்றை எழுதினார். அவர் 2016இல் மறைந்தபின் 2021இல் அந்நூல் வெளிவந்தது. அவ்வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவர், பாதிரிமாரின் பிரசங்கம் எளிய மக்களை எப்படி ஈர்க்கிறது என்பதை அருகிலிருந்து கண்டவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அதே வடிவத்தில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிரணியின் கருவி கோயிலுக்குள் வந்தது. அங்கிருந்து அரசியல் மேடைக்கு வந்து, சுயமரியாதை இயக்கத்தாரின் கையில் கோயிலுக்கு எதிராகவே திரும்பியது. ஒரே கருவி ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டில் மூன்று கை மாறிவிட்டது.

இப்படிக் கைமாறிய கருவி இரு தரப்பின் கையிலும் ஒரே நேரத்தில் இருந்த நிகழ்ச்சியாக 1943ஆம் ஆண்டின் இரண்டு விவாதங்களைச் சொல்லலாம். கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் குரல் எழுப்பிய காலம். பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில், சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் தலைமையில், அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிரே நின்று பேசினர். மார்ச் 14 அன்று சேலத்தில் அண்ணாவை எதிர்த்து நாவலர் சோமசுந்தர பாரதியார் பேசினார். இவ்விரு விவாதங்களும் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் நூலாயின. எதிர்த்தரப்பின் வாதங்களும் அதில் இடம்பெற்றன. தலைப்பு ஒரு தரப்பினுடையது என்பதை மட்டும் மறக்கவேண்டியதில்லை. பக்கத்தைத் திறக்கும் முன்பே தலைப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அண்ணா கம்பரின் கவித்திறத்தை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சட்டக் கல்லூரி மாணவர்கள் சிரித்திருப்பார்கள். கவிதை சிறந்தது என்று ஒப்புக்கொண்டு, அச்சிறப்பினாலேயே அது சுமந்துவரும் ஆரியக் கருத்து ஆழமாக இறங்குகிறது என்று திருப்பினார். கலையின் மேல் தமக்குப் பகை இல்லை என்றார். தீயிடுதல் ஓர் அடையாளம், வெறுப்பது கருத்தையே என்றார். இதுவும் பவணந்தியின் மூன்றாவது மதந்தான். வாலியைப் பேசவிட்டுக் கம்பர் செய்ததை, கம்பரைப் புகழ்ந்து அண்ணா செய்தார். ஆனால் இங்கே எதிராளிக்குத் தன் சொந்த வாய் இருந்தது. சேதுப்பிள்ளை எழுந்து தம் சொற்களில் விடை சொன்னார். அவரை யாரும் கும்பிட வைக்கவில்லை.

எதிரணியினரும் எளிதில் ஒரு பெட்டிக்குள் அடைபடுபவர்கள் அல்லர். சோமசுந்தர பாரதியார் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்நின்றவர். ஆக, மொழிப் போரில் அண்ணாவின் அணி, கம்பர் போரில் எதிரணி. போதாததற்கு 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்ற நூலை எழுதி, இராமாயணத்தைக் கைகேயியின் பக்கம் நின்று படித்துக் காட்டியவரும் அவரே. கம்பரைக் காக்க வந்தவர் கம்பரிடம் கேள்வி கேட்டவராகவும் இருந்தார். இன்றைய விவாத மேடைகளில் இப்படி ஒருவருக்கு நாற்காலி கிடைப்பது அரிது. எந்தப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று தெரியாமல் அழைக்காமலே விட்டுவிடுவார்கள்.

இந்த நூலை வைத்து நம் வகுப்பில் ஒரு பயிற்சி செய்வதுண்டு. இரு தரப்புப் பேச்சுகளிலிருந்தும் சில பத்திகளை எடுத்து, பெயர்களையும் பொருளைக் காட்டிக்கொடுக்கும் சொற்களையும் நீக்கி, எது யாருடையது என்று மாணவர்களைக் கேட்போம். எதுகையும் மோனையும் அடுக்கும் மிகுந்த பத்தி என்றால் தயங்காமல் அண்ணா என்று எழுதுவார்கள். பாதி தவறாகிவிடும். ஏனெனில் சேதுப்பிள்ளையின் உரைநடையும் மோனையால் நெய்யப்பட்டது. 1955இல் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'தமிழின்பம்' நூலைப் புரட்டிப் பார்ப்பவர்கள் இதனை உணர்வார்கள். ஓசை ஒன்றாகவும் கொள்கை எதிரெதிராகவும் இருப்பதைக் கண்டதும் வகுப்பில் ஓர் அமைதி வரும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அப்போ அழகா இருக்குங்கிறதுக்காக எதையும் நம்பக் கூடாதா, அம்மா?" என்று கேட்டாள். அழகை ரசிக்கலாம், நம்புவதற்கு வேறு காரணம் தேடவேண்டும் என்று சொன்னோம். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அணிகலன் எந்தக் கட்சியையும் சேர்ந்ததன்று என்பதற்குப் பட்டப்பெயர் ஒன்றே சான்றாகும். தருமபுரம் ஆதீனம் சேதுப்பிள்ளைக்குச் 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் வழங்கியது. திராவிட இயக்கத்தின் பெரும் பேச்சாளர் ஈ.வெ.கி. சம்பத்தையும் தொண்டர்கள் 'சொல்லின் செல்வர்' என்றே அழைத்தனர். கிட்கிந்தா காண்டத்தில் அனுமனின் பேச்சைக் கேட்டு வியந்து இராமன் சொல்லும் பெயர் அது. கொளுத்தவேண்டும் என்று சொல்லப்பட்ட காப்பியத்திலிருந்தே, அப்படிச் சொன்ன இயக்கத்தின் பேச்சாளருக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது.

விவாதத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் நோக்கத்தக்கது. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' இயற்றினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். அண்ணாவின் முன்னுரையோடு வந்த அந்நூல், கம்பருக்குக் கம்பரின் யாப்பிலேயே சொன்ன விடை. 1948இல் அன்றைய அரசு அதனைத் தடை செய்தது. தடை நீங்கியது 1971இல்தான். ஒரு நூலைக் கொளுத்தலாமா என்று மண்டபத்தில் நின்று வாதாடிய நாட்டில், மற்றொரு நூல் வாதம் ஏதுமின்றிப் பல்லாண்டுகள் மறைக்கப்பட்டது. காப்பியத்தின் புகழ் பாடியவர்களில் எத்தனைபேர் அத்தடைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வியே. 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அண்ணா முதலமைச்சர். மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் எழுந்த சிலைகளில் கம்பர் சிலையும் ஒன்று. இதனைக் கொள்கைச் சறுக்கல் என்பாரும் உண்டு, முதிர்ச்சி என்பாரும் உண்டு. எதிராளியை நேருக்கு நேர் நின்று கேட்டவர் ஒருவர், இருபத்தைந்து ஆண்டுகளில் அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார் என்ற அளவில் நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

மறுபக்கத்திலும் நாற்காலிகள் இடம் மாறின. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழாவில் பொதுவுடைமையாளர் ஜீவா கம்பரைப் பேசினார். நீதியரசர் மு.மு. இஸ்மாயில் கம்பரில் தோய்ந்த அறிஞராக விளங்கினார். இதற்கும் முன்பே, வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களுக்குள் எழுந்த பூசலின் பிற்காலக் கட்டத்தில், அருட்பாவின் பக்கம் நின்று முழங்கியவர்களுள் ஒருவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். ஒரு சமயத்தின் உள்வழக்கில் வேறு சமயத்தார் ஒருவர் வாதாட, அவையும் அதைக் கேட்டது.

இவற்றையெல்லாம் தொகுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னோம். எதிராளியின் வாதத்தை அவன் ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்துச் சொல்லவேண்டும், மறுப்பதற்கு முன் அவனுக்கு நாற்காலி போடவேண்டும், இதுவே தமிழ் மரபு என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னோம்.

அவர் உடன்படவில்லை. "நாற்காலி போடுறது மரபுங்கிற. யாருக்குத் தாயி போட்டாக? எங்க அய்யாவ மடத்துக்குள்ளயே விடல. வெளிய நின்னவன் சத்தமாத்தான் பேசுவான். மொதல்ல உங்கிட்ட நல்லது இருக்குன்னு ஒத்துக்கிட்டுப் பேசுன்னா, அவன் என்னைக்குப் பேசி முடிக்கிறது?"

இந்த மறுப்புக்கு நன்னூலில் விடை இல்லை. பட்டிமண்டபம் ஏறும் முறை பற்றி மணிமேகலை பேசுகிறது. அதன் படிக்கட்டில் கால்வைக்க யாருக்கு உரிமை இருந்தது என்று அது சொல்லவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலையில் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை பெருந்தொகையான மக்கள் கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தவர்கள். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் நோக்கிப் பேசிய மேடைகள் உரத்த குரலில் பேசியதில் வியப்பில்லை. தூணோரம் அப்பத்தா உட்கார்ந்த மடத்தில், அவருடைய கணவர் காலத்தில் அந்தத் தூணும் இல்லை என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தோம். அப்பத்தா அதனைச் சொன்னதே இல்லை. மேடையிலிருந்து இறங்குபவர் யார் வீட்டில் கை நனைக்கிறார் என்று ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது விளங்கியது.

ஆயினும் அப்பாவின் மறுப்புக்கு அவருடைய தலைவரின் 1943ஆம் ஆண்டுச் செயலே ஒரு விடை என்று நமக்குத் தோன்றுகிறது. நாற்காலி மறுக்கப்பட்டவர்களின் சார்பில் பேச வந்தவர், பேராசிரியர் ஒருவரின் எதிரே ஒரு நாற்காலியைப் பிடித்தார். அதில் உட்கார்ந்து, எதிராளியின் விடையையும் இறுதிவரை கேட்டார். குரலின் உரத்தை அவர் குறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் எதிராளிக்குப் பதிலாகத் தாமே பேசிவிடவும் இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னோம். "அது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். அவர் 'அது சரி' என்றால் உடன்பட்டார் என்றும் கொள்ளலாம், பிறகு பேசலாம் என்றும் கொள்ளலாம்.

இன்று நம் மாணவர்களின் கைப்பேசியில் ஓடும் இரண்டு நிமிடக் காணொளிகளில் ஓசைக்குக் குறைவில்லை. எல்லாச் சமயங்களின் பெயராலும், சமயமே வேண்டாம் என்பதன் பெயராலும் அவை வருகின்றன. அடுக்கு, எதுகை, ஏளனம், இடையிடையே கைதட்டல் என எல்லாம் உண்டு. எதிராளி மட்டும் இல்லை. அவன் சொன்னதாக ஒன்றைப் பேச்சாளரே சொல்லி, அவரே வீழ்த்தி, அவரே சிரிக்கிறார். ஆகவே இந்தப் பருவத்தில் அணியிலக்கண வகுப்புக்கு ஒரு புதிய ஒப்படைப்பைச் சேர்த்திருக்கிறோம். உனக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தை, அதனை நம்புகிறவர் படித்துவிட்டு 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று கையெழுத்திடும்படி ஒரு பக்கம் எழுதிவா என்பது அது. கையெழுத்து உண்மையாகவே வாங்கி வரவேண்டும்.

முப்பத்தெட்டுப் பேரில் இதுவரை பதினொருவர் வாங்கி வந்திருக்கிறார்கள். அந்த மாணவி இன்னும் தரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் இரண்டுமுறை திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.